திருகாணி மிகும் இடங்கள்

ஆய்வுச் சுருக்கம்

மடிக்கணினி ஒன்றைப் பிரித்து, உள்ளே இரண்டொரு உறுப்புகளை மாற்றி, மறுபடி பூட்டிய பிறகு மேசைமேல் ஒரு திருகாணி மீந்து நின்றால் அதற்கு இலக்கணம் என்ன என்பதே இவ்வாய்வின் பொருள். கணினி ஓடுகிறது. முன்னைவிட வேகமாகவே ஓடுகிறது. ஆனாலும் திருகாணி மீந்திருக்கிறது.

வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் முப்பது ஆண்டு பிள்ளைகளுக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் இதை எழுதுகிறேன். ஒற்று மிகுந்தால் சிவப்பு மையால் சுழித்துவிடலாம். திருகாணி மிகுந்தால் எங்கே சுழிப்பது?

இயல் 1: சொல்லும் பொருளும்

திருகாணி என்பது வினைத்தொகை. திருகிய ஆணி, திருகுகின்ற ஆணி, திருகும் ஆணி என்று முக்காலத்துக்கும் விரியும். உருண்டோடிய ஆணி என்னும் நான்காம் காலத்தை இலக்கணிகள் கணக்கில் எடுக்கவில்லை. அவர்கள் மொசைக் தரையில் உட்கார்ந்து எதையும் பிரித்ததில்லை போலும்.

சொல்லின் புணர்ச்சியும் கவனிக்கத்தக்கது. திருகு, ஆணி என்ற இரண்டையும் சேர்த்துப் பூட்டும்போது 'திருகு' என்பதன் கடைசியிலுள்ள உகரம் காணாமற்போகிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், உயிரெழுத்து வந்தால் இந்தக் குற்றியலுகரம் ஓடிவிடும் என்றே விதி வகுத்தார். பெயரைப் பூட்டும்போதே ஓர் உறுப்பு வெளியே நின்றுவிட்டது. பொருளைப் பூட்டும்போது நிற்பதில் வியப்பென்ன?

இன்னொன்று. நம் வீடுகளில் திருகாணி என்றால் முதலில் நினைவுக்கு வருவது காது. கம்மலுக்குப் பின்னால் இருப்பது திருகாணி, கணினியில் இருப்பது ஸ்க்ரூ. சென்னையில் கணினி உதிரிகள் விற்கும் ரிச்சி தெருவில் போய் 'திருகாணி கொடுங்கள்' என்றால் நகைக்கடைக்கு வழி சொல்வார்கள். ஆயினும் இது ஆய்வுக் கட்டுரை என்பதால் தமிழ்ச்சொல்லையே ஆள்கிறேன். இதனால் குழப்பம் எதுவும் நேராது என்பது அப்போதைய என் நம்பிக்கை.

இயல் 2: ஆய்வுக் களம்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மடிக்கணினி 2018இல் மகளின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கியது. அவளுக்கு வேலை கிடைத்ததும் புதியது வாங்கிக்கொண்டாள், பழையது எனக்கு வந்தது. சொத்து பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும் என்பது பொதுவிதி, மின்னணுப் பொருளுக்கு அது புறநடை.

அதில் 4 ஜிபி ராம். 1 டெராபைட் ஹார்டு டிஸ்க். பொத்தானை அழுத்திவிட்டுப் போய், காபிப் பொடி போட்டு, வெந்நீர் ஊற்றி, டிகாஷன் இறங்கி, பால் காய்ச்சிக் கலந்து எடுத்து வந்தால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அருகிலிருந்த ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "ராமும் டிஸ்க்கும் மாத்தினா ஒம்போதாயிரம் ஆயிடும் சார். அதுக்கு நீங்க புதுசே வாங்கிடலாம்" என்றார் அங்கிருந்த தம்பி. நோயாளியைத் தொடாமல் நாடி பார்த்த அந்தத் திறமையே என்னை இத்துறைக்குள் தள்ளியது.

தாமதத்தின் காரணத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது விநாடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. கேட்ட கோப்பு ஊசிமுனைக்கு நேரே வந்து நிற்கச் சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும். ஊசிமுனை தடம் மாறும் நேரம் தனி. தேர் நம் வீட்டு வாசலுக்கு வரும்வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. ஒரு கோப்புக்கு நிற்பது பெரிதல்ல. கணினி எழும்போது ஆயிரக்கணக்கான சிறுசிறு கோப்புகளைக் கேட்கிறது, ஒவ்வொன்றுக்கும் தேர் வர வேண்டும். அதற்கு மாற்றான எஸ்எஸ்டியில் தேரும் இல்லை, வீதியும் இல்லை. சிப்புக்குள் மின்னேற்றமாகவே இருக்கிறது, கேட்டதும் கிடைக்கிறது. பழைய கணினிக்குச் செய்யக்கூடிய வைத்தியங்களில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ராம் கூட்டுவது இரண்டாவது. மற்றதெல்லாம் அலங்காரம்.

ரிச்சி தெருக் கடைக்காரர் கேட்ட கேள்விகள் எந்த வாய்மொழித் தேர்விலும் நான் கேட்டறியாதவை. "ராம் டிடிஆர் த்ரீயா, ஃபோரா? த்ரீன்னா எல் இருக்கிறதா, இல்லாததா?" 'எல்' என்ற ஓரெழுத்துக்குள் மின்னழுத்தம் ஒளிந்திருக்கிறது: டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல்லுக்கு 1.35, டிடிஆர்4க்கு 1.2. "டிஸ்க் சாட்டாவா, எம் டூவா?" நான் விழித்தேன். "பழசைக் கையோட கொண்டாந்தீங்களா சார்?" இல்லை. "அப்ப போய்க் கழட்டிப் பாத்துட்டு வாங்க." அறுபது வயதுக்காரனை வகுப்புக்கு வெளியே நிறுத்திய அவரே இவ்வாய்வின் முதல் ஆசான். விடையோடு திரும்பிப் போய் இரண்டையும் வாங்கி வந்தேன்.

இத்துறையார் அளவைப் பெயருக்குள்ளேயே பொதிந்து வைப்பவர்கள் என்பதைப் பிறகு கண்டேன். 2280 என்று ஓர் எம்.2 எஸ்எஸ்டிக்குப் பெயர்: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். தேதியையும் நேரத்தையும் காப்பாற்றும் பொத்தான் பேட்டரி சிஆர்2032: விட்டம் 20, கனம் 3.2 மில்லிமீட்டர். இந்தச் சின்னது செத்துப்போனால் கணினி பல ஆண்டு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'சான்றிதழ் சரியில்லை' என்று அடம்பிடிக்கும். தளத்தின்மேல் தவறில்லை. தன் காலத்திலேயே நின்றுவிட்டவர்கள் பிறர் சான்றிதழை நம்பாதது மனிதரிடமும் உண்டு.

இயல் 3: முன்னோர் ஆய்வுகள்

கூட்டல் குறித் தலையுள்ள திருகாணி அமெரிக்கரான ஹென்றி ஃபிலிப்ஸ் பெயரால் வழங்குகிறது. 1936இல் காப்புரிமை பெற்றார், காடிலாக் கார்கள் அதை முதலில் ஏற்றன. மடிக்கணினியில் இருப்பவை அதன் பேரப்பிள்ளைகள், 2 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் தடிமன்காரர்கள். இவர்களுக்கு வீட்டிலுள்ள ஸ்க்ரூடிரைவர் ஆகாது. பிஎச்0, பிஎச்00 என்று சிறு முனைகள் தேவை. டெஸ்டரை வைத்துத் திருகியவன் தலையை மழித்துவிடுவான். இங்கே தலை என்றது திருகாணியுடையதை.

2009இல் ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோ ஒன்றின் பேட்டரிக்கு ஐந்திதழ்ப் பூ வடிவக் குழியுள்ள திருகாணியை வைத்தது. அதற்கான கருவி அன்று கடைகளில் கிடையாது. அழகான பூட்டுதான், ஆனால் நம் வீட்டுக்கு அடுத்தவர் பூட்டிய பூட்டு. அதற்கு ஓராண்டு முன்னரே, 2008இன் மேக்புக் ஏரில் ராமை மதர்போர்டோடு பற்றவைத்துவிட்டார்கள். மெல்லிய கணினிகளில் பலவும் இன்று அவ்வழியே போகின்றன. வாங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி நிறமோ எடையோ அல்ல: ராம் கழலுமா, கழலாதா? இதைக் கேட்டால் விற்பனையாளர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதும் ஒரு தரவு.

எதிர்த்திசையிலும் ஒரு போக்கு உண்டு. 2021இல் ஃபிரேம்வொர்க் என்ற நிறுவனம் விற்கத் தொடங்கிய மடிக்கணினியில் ஸ்க்ரூடிரைவரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். அதன் அடிப்பக்கத் திருகாணிகள் ஐந்தும் கழன்றாலும் மூடியை விட்டுப் பிரியாது, தொங்கிக்கொண்டே இருக்கும். வாங்குபவருக்கு நன்மைதான். ஆனால் திருகாணி மீந்து நிற்பதற்கே வழியில்லாமல் போனால் இத்துறை என்னாவது?

இயல் 4: வாரன்ட்டி ஸ்டிக்கர்

2019இலேயே காலாவதி. கிழித்தாயிற்று.

இயல் 5: மாணாக்கர் இயல்பு

பிரிப்பவர் எத்தனை வகையினர் என்று தனியாக ஆராய வேண்டிய தேவையே இல்லை. நன்னூலார் பாயிரத்தில் மாணாக்கரை எட்டு உவமையில் அடக்கிவிட்டார். நான் செய்தது பெயர்ப் பலகையை மாற்றி மாட்டியதுதான்.

அன்னம் போன்றவர் பாலையும் நீரையும் பிரிப்பதுபோல நெடிய திருகாணியையும் குட்டைத் திருகாணியையும் தனித்தனியே வைப்பார். பசு போன்றவர் கையேட்டை ஒரே மூச்சில் படித்துவிட்டு, இரவு படுக்கையில் அசைபோட்டு, மறுநாள் பிரிப்பார். இவ்விருவரும் தலை மாணாக்கர், இவர்கள் வீட்டில் எதுவும் மிஞ்சாது. இடைப்பட்டவருள் மண் போன்றவர் உழைத்த அளவுக்குப் பலன் காண்பார். கிளி போன்றவர் வீடியோவில் சொன்னதை அப்படியே செய்வார். வீடியோவில் இருப்பது வேறு மாடல் என்பது கிளிக்குத் தெரியாது. மூடியில் 9 திருகாணி என்று வீடியோக்காரர் சொன்னால், ஒன்பதைக் கழற்றிவிட்டுப் பத்தாவது பிடித்திருக்கும்போதே நெம்புவார்.

கடை மாணாக்கரே நம்மில் மிகுதி. ஆடு ஒரு செடியில் ஒரு வாய், இன்னொன்றில் ஒரு வாய் என்று போகும். ஆறு வீடியோவில் இரண்டிரண்டு நிமிடம் பார்த்தவர் ஆட்டின் வகை. எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். தெர்மல் பேஸ்ட் குழாய் முழுவதையும் பிராசசர்மேல் பிதுக்கியவரை இங்கே அடக்குக. துவரம்பருப்பு அளவு போதும். அதைப் புள்ளியாக வைப்பதா, கோடாக இழுப்பதா என்பதில் இத்துறையில் வடகலை, தென்கலை உண்டு. அழுத்தியதும் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் அவ்வழக்கு நமக்கு வேண்டாம். ஓட்டைக் குடம் கேட்டதையெல்லாம் ஒழுகவிடும். நெய்யரி நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்: முழு வீடியோவும் பார்த்தபின் நினைவிலிருப்பது பேசியவர் கட்டியிருந்த கைக்கடிகாரம்.

வீடியோக்களைப் பற்றியும் ஒரு சொல். நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' இவற்றில் தவறாமல் உண்டு. பதினோரு நிமிடத்தில் நான்கு நிமிடம் வணக்கம்.

இயல் 6: பிரித்தல்

மூடி பற்றிய அச்சத்தை விடப் பெரிய தடை இத்துறையில் இல்லை. உள்ளே இருப்பவை எல்லாம் தம் இடத்தை விட்டு வேறிடத்தில் உட்காராதபடியே செய்யப்பட்டவை. டிடிஆர்3 ராமுக்கு 204 தொடுமுனை, டிடிஆர்4க்கு 260. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால் ஒன்றன் குழியில் மற்றது நுழையவே நுழையாது. சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினால் இரு பக்கக் கவ்வியும் 'டக்' என்று பிடிக்கும். அந்த 'டக்' கேட்பதற்காகவே இன்னொரு முறை கழற்றி மாட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதலில் கோப்புகளுக்கும் இயங்குதளத்துக்கும் புது எஸ்எஸ்டியில் பிரதி. பிறகு மின்சார இணைப்பைப் பிடுங்க வேண்டும். மூடி திறந்ததும் தொட வேண்டிய முதற்பொருள் பேட்டரியின் இணைப்பு. அதைக் கழற்றிவிட்டு, ஆன் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரமும் வடியும். பேட்டரி உப்பியிருந்தால் ஆய்வு அங்கேயே முடிந்தது. குத்தாதீர்கள், வளைக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். இதில் நகைச்சுவை இல்லை.

நிலைமின்சாரம் பற்றி நூல்கள் மிரட்டுகின்றன. ஏறக்குறைய 3000 வோல்ட்டுக்குக் கீழே பாய்ந்தால் நம் விரலுக்கே தெரியாது, சிப்புக்கோ அதில் சிறு பங்கும் போதும். ஆனால் அது வறண்ட காற்றுக்காரர் கவலை. சென்னையில் மே மாதம் பனியனோடு உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருப்பவன்மேல் எந்த மின்னேற்றமும் தங்கிக் குடித்தனம் நடத்துவதில்லை. ஈரப்பதத்துக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது. ஆயினும் உள்ளே கை வைக்குமுன் பெயின்ட் அடிக்காத உலோகம் ஒன்றைத் தொட்டுக்கொள்வது மரபு. தொட்டேன்.

கழற்றும் திருகாணிகளைப் போட்டுவைக்க ஒரு பாத்திரம் வேண்டும். காந்தத் தட்டு விற்கிறார்கள். அவ்வளவு ஆடம்பரம் வேண்டாமென்று சாமி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவ்வாரம் வீட்டில் வேறொரு தேடுதல் வேட்டை நடந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் டார்ச், குப்பைக் கூடை கவிழ்ப்பு, வேலைக்கு வரும் அம்மாவிடம் விசாரணை. அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராததால் கண்டுகொள்ளவில்லை.

கீழ்மூடியில் 11 திருகாணி. அவற்றுள் நெடில் 8, குறில் 3. இந்த வேறுபாடு எழுத்தில் எவ்வளவு முக்கியமோ அதைவிட இங்கே முக்கியம். குறில் இருந்த குழியில் நெடிலைத் திருகினால் அது மறுபக்கம் துளைத்துக்கொண்டு போகும். கலைக்கும் காலைக்கும் ஆன வேறுபாடல்ல, போர்டுக்கும் குப்பைக்கும் ஆன வேறுபாடு. திருகாணி போன பிறகும் மூடி வராது. விளிம்பெங்கும் கவ்விகள். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை இடுக்கில் நுழைத்து நகர்த்தினால் ஒவ்வொன்றாகப் படபடவென்று விடும். முதல் சத்தத்துக்கு ஏதோ உடைந்ததென்று நெஞ்சு அடைக்கும், ஐந்தாவதில் பழகிவிடும். அந்த வங்கிக் கணக்கில் அந்த கார்டு செய்த உருப்படியான வேலை இதுவே.

பிறகு ஹார்டு டிஸ்க்கின் சட்டத்தில் 4, விசிறியில் 3. விசிறியைக் கழற்றியபோது உள்ளே ஏழாண்டுத் தூசி கம்பளித் துண்டுபோல் ஒரே பாளமாக எடுபட்டு வந்தது. கணினி ஏன் இட்லிப் பானையாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எஸ்எஸ்டியை அதே சட்டத்தில் பூட்டி, 8 ஜிபி ராமைக் காலியாயிருந்த இடத்தில் செருகி, விசிறியை மாட்டி, பேட்டரியை இணைத்து, மூடியை அழுத்தி எல்லாவற்றையும் திருகினேன். பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம்போலக் காபிக்கு எழுந்தேன். பொடி டப்பாவைத் திறப்பதற்குள் கணினி எழுந்து உட்கார்ந்திருந்தது. காபியை அவசரப்படுத்த முடியவில்லை என்பது அன்றைய ஒரே குறை.

கிண்ணத்தைப் பார்த்தேன். ஒன்று மீந்திருந்தது.

இயல் 7: மிச்சம்

புணர்ச்சியில் மூன்று விகாரம்: தோன்றல், திரிதல், கெடுதல். திருகாணிக்கும் அதுவே. ஒன்று காணாமற்போவது கெடுதல். அது பெரும்பாலும் கணினியின் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே தேடுக. தலை மழிந்து முனை பிடிக்காமற்போவது திரிதல். ரப்பர் பேண்டு ஒன்றை இடையே வைத்து அழுத்தித் திருகினால் சில வேளை அசைந்து கொடுக்கும். இல்லாத ஒன்று இடையில் வந்து நிற்பது தோன்றல். என்னுடையது தோன்றல் விகாரம்.

கருதுகோள்கள் மூன்றைச் சோதித்தேன். ஒன்று, கண்ணுக்குத் தெரியாத குழி ஒன்று இருக்கலாம். கீழே ஒட்டியிருக்கும் ரப்பர் கால்களுக்கு அடியில் திருகாணி ஒளித்துவைப்பது இத்துறை வழக்கம். கால்களை உரித்தேன். எந்தக் காலின் அடியிலும் குழி இல்லை. அங்கிருந்து மிஞ்ச வழியில்லை. கால்கள் அதன்பிறகு ஒட்டவில்லை.

இரண்டு, எங்கோ பூட்ட மறந்திருக்கலாம். மறுபடி பிரித்து எண்ணினேன். 11, 4, 3. ஆகப் பதினெட்டுக் குழி, பதினெட்டுத் திருகாணி.

மூன்று, இது திருகாணியே அன்று, பிளாஸ்டிக்கில் பதித்திருக்கும் பித்தளை மரையாக இருக்கலாம். மடிக்கணினிகளில் திரையைத் திறந்து மூடும் கீல் அருகே இவை பெயர்ந்துவருவதுண்டு. இக்கருதுகோளுக்கு வலுவான சான்று கிடைத்தது: ஸ்க்ரூடிரைவரின் காந்த முனையில் மற்றப் பதினெட்டும் ஒட்டின, இது ஒட்டவில்லை. உள்ளே துளையும் மரையும் இருந்தன. மேலே செந்நிறத் துகள் படிந்திருந்தது, துரு என்று குறித்துக்கொண்டேன். மற்றவற்றிலும் லேசாகச் செம்மை தெரிந்தது, கடற்கரை நகரத்து உப்புக்காற்று. கீல் மட்டும் அசையாமல் நன்றாகவே இருந்தது. அந்த ஒரு முரணை அடிக்குறிப்பில் தள்ளிவிடலாம் என்று எண்ணி, பித்தளை மரை என்றே முடிவு எழுதினேன்.

இயல் 8: வாய்மொழித் தேர்வு

நெறியாளர் என் மனைவி. முப்பத்தைந்து ஆண்டாக என் நெறி அவர் பொறுப்பில் இருக்கிறது. அன்று அவருடைய இடது காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமலிருக்கத் துடைப்பக் குச்சி செருகியிருந்தார். ஐந்து நாளாக அப்படித்தான் இருந்ததாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஏங்க, சாமி அலமாரியில இருந்த குங்குமக் கிண்ணத்தைப் பாத்தீங்களா?"

ஆய்வில் இருப்பதாகச் சொன்னேன். வந்து எட்டிப் பார்த்தார். மீந்திருந்ததை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"இது என்ன?"

"பித்தளை மரை. கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கு."

"பித்தளை எங்கயாவது துருப்பிடிக்குமா? நீங்கதானே தமிழ் வாத்தியார். இதுக்கு ஒரு பேர் சொல்வீங்களே, முன்னுக்குப் பின் முரணா எழுதினா?"

மாறுகொளக் கூறல். பத்துக் குற்றங்களில் நான்காவது.

முந்தானையால் துடைத்தார். துரு முழுவதும் முந்தானைக்குப் போய்விட, கையில் மஞ்சளாக ஒன்று மின்னியது. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று அதைக் கிண்ணத்தில் கழற்றி வைத்தவர் யார் என்று துணைவினா எழுப்பினேன். தேர்வில் வினா கேட்பது நெறியாளரின் உரிமை மட்டுமே என்று அறிவிக்கப்பட்டது. குச்சியை எடுத்தெறிந்துவிட்டுக் கம்மலைப் போட்டு, திருகாணியை ஒரு திருகு திருகினார். சரியாகப் பொருந்தியது.

மடிக்கணினி நன்றாக ஓடுகிறது. கவிழ்த்துப் பார்த்தால் கீழ்மூடியில் பதினொரு திருகாணித் தலையிலும் குங்குமப் பொட்டு. ஆயுத பூஜைக்குத் தனியாக வைக்க வேண்டியதில்லை.